தேசியப் பூங்காவுக்குள் வீட்டை விரிவாக்க நினைக்கிறீர்களா? பீக் டிஸ்ட்ரிக்ட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் பழைய கல்வீடு வாங்கிக் குடியேறுகிறவர்களுக்குச் சீக்கிரமே சில ஆசைகள் வரும். பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டலாம், லாஃப்டில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரண் இடத்தில், ஒரு படுக்கையறை போடலாம், தோட்டத்து மூலையில் உட்கார்ந்து வேலை பார்க்க ஓர் அறை வைக்கலாம். இதே வேலைகளில் பலவற்றை மான்செஸ்டரிலோ ஷெஃபீல்டிலோ யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்துவிட முடியும். பூங்காவுக்குள் அப்படி இல்லை. அதற்காக, "உள்ளே ஒரு செங்கல் வைக்க விடமாட்டார்கள்" என்று பயமுறுத்துகிறவர்கள் சொல்வதும் உண்மையில்லை. வீட்டுக்காரர்கள் போடும் விண்ணப்பங்களில் பெரும்பகுதிக்கு அனுமதி கிடைக்கத்தான் செய்கிறது. கிடைக்காமல் போவதற்கு நான் பார்த்தவரை முக்கியமான காரணம், வரைபடத்தை முடித்துவிட்டு அப்புறம் விதிகளைப் பார்ப்பதுதான்.

அதனால் ஆர்க்கிடெக்ட்டைத் தேடிப் போவதற்கு முன்பே, உங்கள் ஊரில் ஏற்கெனவே எடுக்கப்பட்ட முடிவுகளைப் படியுங்கள் என்பதையே நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். எப்படிப் படிப்பது என்பது கீழே வருகிறது. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு.

யார் முடிவெடுக்கிறார்கள்?

தேசியப் பூங்கா என்றதும் முதுமலையும் கிண்டியும் நினைவுக்கு வந்தால் குழப்பம்தான் மிஞ்சும். பீக் டிஸ்ட்ரிக்ட்டில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. பண்ணைகளும் கிராமங்களும் கல்குவாரிகளும் பேக்வெல் போன்ற சந்தை ஊரும் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. சுமார் 1,440 சதுர கிலோமீட்டர் பரப்பில் முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர், ஷெஃபீல்டு பக்கத்துத் தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி நடந்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951 ஏப்ரலில் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. நீங்கள் வாங்கியிருக்கும் வீட்டைச் சுற்றியுள்ள வெளி, சாதாரண மக்கள் கேட்டு வாங்கிய வெளி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் விதிகள் இவ்வளவு இறுக்கமாக இருப்பது ஏன் என்று புரியும்.

1995-ன் சுற்றுச்சூழல் சட்டப்படி பூங்கா ஆணையத்துக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. இயற்கை அழகையும் காட்டுயிர்களையும் பண்பாட்டு மரபையும் காத்து மேம்படுத்துவது ஒன்று. மக்கள் இந்த இடத்தை அறிந்து அனுபவிக்க வழிசெய்வது மற்றொன்று. இரண்டும் மோதினால் காப்பதற்கே முதலிடம். 1974-ல் வந்த குழு அறிக்கையை ஒட்டி இதை சாண்ட்ஃபோர்டு கொள்கை என்பார்கள்.

உங்கள் கட்டட வேலைக்குத் திட்ட அனுமதி, அதாவது பிளானிங் பர்மிஷன், தர வேண்டியது இந்த ஆணையம்தான். குப்பை அள்ளுவதும் கவுன்சில் வரி வாங்குவதும் மாவட்ட கவுன்சில். சுவரின் பலம், தீப்பாதுகாப்பு, வெப்பக் காப்பு ஆகியவற்றைப் பார்க்கும் பில்டிங் ரெகுலேஷன் ஒப்புதலும் பூங்கா ஆணையத்தின் வேலை அல்ல. ஒன்று கிடைத்துவிட்டால் மற்றதும் கிடைத்தமாதிரிதான் என்று நினைத்து வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். (சவுத் டவுன்ஸ் பூங்காவில் இருப்பவர்களுக்கு: அங்கே சில பகுதிகளில் ஆணையத்தின் சார்பாக உள்ளூர் கவுன்சிலே விண்ணப்பங்களைக் கையாள்கிறது. முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.)

அனுமதி தேவையா என்று பாருங்கள்

சின்ன வேலைகளுக்குச் சட்டமே பொதுவாக ஓர் அனுமதியைக் கொடுத்து வைத்திருக்கிறது. பர்மிட்டட் டெவலப்மென்ட் என்பது அதுதான். இங்கிலாந்தில் 2015-ன் பொது ஆணையில் இதன் விவரங்கள் இருக்கின்றன. தேசியப் பூங்காவுக்குள் அந்தச் சலுகைகள் சுருங்கிவிடுகின்றன. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

பின்பக்கம் ஒரே தளத்தில் நீட்டிக் கட்டலாம்: தனி வீடானால் 4 மீட்டர், ஒட்டு வீடானால் 3 மீட்டர். வெளியே பல இடங்களில் கிடைக்கும் 8 மீட்டர், 6 மீட்டர் சலுகை இங்கே கிடையாது. பக்கவாட்டில் நீட்டுவதற்கும், பின்னால் இரண்டு தளமாகக் கட்டுவதற்கும் விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும். கூரையை உயர்த்தியோ டார்மர் ஜன்னல் (சரிவான கூரையிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் ஜன்னல்) வைத்தோ லாஃப்டைப் பெரிதாக்கும் சலுகை முழுவதுமாக இல்லை. வெளிச்சுவருக்குக் கல், மரம், பிளாஸ்டிக், ஓடு என எதைப் பதிப்பதற்கும், பூச்சு பூசுவதற்கும் அனுமதி வேண்டும். தோட்டத்து அறையை வீட்டின் பக்கச் சுவருக்கும் எல்லைக்கும் நடுவே வைக்கக் கூடாது. வீட்டிலிருந்து 20 மீட்டருக்கு அப்பால் வைக்கும் கொட்டகைகளின் மொத்தப் பரப்பு 10 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது.

இந்த அளவுகளை இன்று நீங்கள் பார்க்கும் வீட்டிலிருந்து எடுக்கக் கூடாது. 1948 ஜூலை 1 அன்று வீடு எப்படி நின்றதோ, அதுதான் மூல வீடு. அதற்குப் பின் கட்டியதானால், முதலில் கட்டியபடி. 1970-களில் யாரோ பின்னால் 3 மீட்டர் நீட்டியிருந்தால் உங்கள் பங்கு அப்போதே தீர்ந்துபோயிருக்கலாம்.

இன்னும் மூன்றைச் சரிபாருங்கள். வீடு லிஸ்டட் கட்டடமா, அதாவது மரபுச் சிறப்புக்காகச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளதா? ஆம் என்றால், அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும், உள்ளே செய்வதானாலும், தனி ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் செய்வது குற்றம். ஆண்டுகள் கடந்தாலும் காலாவதியாகிவிடாத குற்றம். அடுத்து, ஊரில் இந்தச் சலுகைகளை நீக்கும் ஆர்ட்டிகிள் ஃபோர் உத்தரவு ஏதும் இருக்கிறதா? இருந்தால் கதவு, ஜன்னல் மாற்றுவதற்குக்கூட விண்ணப்பம் தேவைப்படலாம். மூன்றாவதாக, பழைய அனுமதியில் சலுகைகளைப் பறிக்கும் நிபந்தனை ஏதாவது உள்ளதா? களஞ்சியத்தை வீடாக மாற்றிய இடங்களில் இது சர்வ சாதாரணம். வீடு வாங்கும்போது வக்கீல் அனுப்பிய ஆவணக் கட்டுக்குள் அந்தத் தாள் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

சலுகைக்குள் வருகிறது என்று தெரிந்தாலும் சட்டப்படியான கட்டடச் சான்றிதழ் வாங்கி வைப்பது நல்லது. கட்டணம் வழக்கமான விண்ணப்பத்தில் பாதிதான். வீட்டை விற்கும்போது அதன் அருமை தெரியும்.

பழைய முடிவுகளைப் படியுங்கள்

ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பங்கள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. பதிவெண்ணைப் பார்த்தாலே பாதி விவரம் தெரியும்: முதலில் பூங்காவின் குறி, அடுத்து எந்த மாவட்டம், அப்புறம் மாதமும் ஆண்டும். 0524 என்றிருந்தால் 2024 மே மாதம் வந்த விண்ணப்பம். உங்கள் ஊர்ப் பெயரையோ அஞ்சல் குறியீட்டையோ போட்டுத் தேடுங்கள். கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்தவை போதும். உங்கள் வீட்டைப் போன்ற வீடு, உங்கள் வேலையைப் போன்ற வேலை எனப் பார்த்துச் சிலவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

முடிவுக் கடிதம் சுருக்கமாக இருக்கும். அதை மட்டும் படித்தால் ஒன்றும் விளங்காது. படிக்க வேண்டியது, விண்ணப்பத்தை ஆராய்ந்த ஆணைய அலுவலரின் அறிக்கை. அதில் இடத்தின் விவரம், திட்டம், முன்வரலாறு, பாரிஷ் கவுன்சிலும் (கிராம அளவிலான உள்ளூர் மன்றம்) நெடுஞ்சாலைத் துறையும் சொன்னவை, அக்கம்பக்கத்தார் கருத்து, பொருந்தும் கொள்கைகள் எல்லாம் வரிசையாக வரும். மதிப்பீடு கடைசியில் வரும். மதிப்பீட்டை நிதானமாகப் படியுங்கள். முந்தைய பகுதிகளை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

மறுக்கப்பட்டவற்றிலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை. அலுவலர் எதைக் கேட்கிறார் என்பது மறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். வீட்டு நீட்டிப்புகளுக்கு 2019-ல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மேம்பாட்டுக் கொள்கைகளில் ஒரு பிரிவு இருக்கிறது. நீட்டிப்பு மூல வீட்டின் தன்மையைக் கெடுக்கக் கூடாது, அதை விஞ்சி நிற்கக் கூடாது, அக்கம்பக்கக் கட்டடங்களையோ நிலக்காட்சியையோ பாதிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அறிக்கைகளில் இந்தக் கேள்விகள்தான் மாறி மாறி வரும். உங்களுக்கு இன்னோர் அறை எவ்வளவு தேவை என்ற கேள்வி அநேகமாக வராது. இது பலருக்கு மனவருத்தம் தருகிறது. தங்கள் குடும்பச் சூழலைப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகிறார்கள், பதில் இரண்டு வரியில் வருகிறது. பழைய கட்டடத்துக்குப் பாதிப்பு என்று அலுவலர் கருதினால், அதற்கு ஈடாக அவர் தேடுவது பொதுநன்மையை. உங்கள் படுக்கையறை பொதுநன்மை ஆகாது.

அடுத்து, திருத்தத்துக்குப் பிறகு அனுமதி பெற்றவற்றை எடுங்கள். முதலில் கொடுத்த வரைபடத்தையும் கடைசியில் ஒப்புக்கொண்ட வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூரையைச் சற்றுத் தாழ்த்தியிருப்பார்கள். முன்சுவரோடு ஒரே கோட்டில் இருந்ததைக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருப்பார்கள். ஐந்து கூரை ஜன்னல் இரண்டாகியிருக்கும். எந்தக் கட்டண ஆலோசனையிலும் இவ்வளவு தெளிவான பாடம் கிடைக்காது.

"எதிர்வீட்டில் டார்மர் இருக்கிறதே" என்ற வாதத்தை நம்ப வேண்டாம். அது வேறு விதிகள் இருந்த காலத்தில் வந்திருக்கலாம், அனுமதியே இல்லாமலும் வந்திருக்கலாம். அண்மையில், இதே கொள்கைகளின் கீழ், இதே மாதிரி வீட்டுக்குக் கிடைத்த முடிவு என்றால் மட்டும் பதிவெண்ணோடு சுட்டிக்காட்டுங்கள்.

கல்லும் கூரையும்

இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பூங்காவின் வடக்கும் ஓரங்களும் டார்க் பீக். அங்கே வீடுகள் கருத்த மணற்கல்லால் ஆனவை. நடுவிலும் தெற்கிலும் ஒயிட் பீக். வெளிறிய சுண்ணாம்புக்கல் சுவர்கள், மூலைக்கற்களும் ஜன்னல் சட்டக் கற்களும் மட்டும் மணற்கல். அந்தந்த இடத்துப் பாறையில் வெட்டி எடுத்த கல்லால் கட்டியதால்தான் ஊர்கள் நிலத்திலிருந்தே முளைத்தமாதிரி இருக்கின்றன. ஒயிட் பீக் கிராமத்தில் வேறு வட்டாரத்துக் கல்லில் ஒரு நீட்டிப்பு எழும்பினால் ஒரு மைல் தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும்.

பழைய வீடுகளின் பக்கச் சுவர் குறுகலாக இருக்கும். உத்தர மரம் எட்டக்கூடிய தூரம் அவ்வளவுதான். அதனால்தான் அகன்ற கட்டடத்தைப் பின்னால் ஒட்டினால் மறுப்பு வருகிறது. வீட்டின் உருவமே மாறிவிடுகிறது. சுவர்ப்பரப்பு அதிகம், ஜன்னல் குறைவு என்பது இங்கத்து விகிதம். கூரையின் ஓரத்தில் அலங்காரப் பலகைகள் அடிப்பதில்லை. விளிம்பைச் சாந்தால் பூசி முடித்துவிடுவார்கள். மழைநீர்க் குழாயைச் சுவரில் இரும்புத் தாங்கிகளில் நேரடியாக மாட்டுவார்கள். டார்மர் இந்த வட்டார மரபில் அரிது. கூரை ஜன்னல் வேண்டுமென்றால் சிறியதாக, கூரைத் தளத்தோடு சமமாகப் பதிந்து, சாலையைப் பார்க்காத பக்கமாக இருக்கட்டும். இருட்டும் இங்கே ஒரு சொத்து. பெரிய கண்ணாடிப் பரப்பிலிருந்து இரவில் கசியும் வெளிச்சத்தைப் பற்றியும் கேள்வி வரும்.

ஒரு வீட்டில் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் வந்தால் பூங்கா அழிந்துவிடாதுதான். ஆனால் நூறு வீட்டில் வந்தால் கிராமத்தின் முகமே போய்விடும், அதை யாரும் திரும்பக் கொண்டுவர முடியாது. பெரிய குவாரிகளும் நெடுஞ்சாலைகளும் வரும்போது ஊரே எதிர்த்துக் கிளம்பும். சின்ன மாற்றங்களை எதிர்க்க யாரும் கிளம்புவதில்லை. அலுவலர் ஒரு ஜன்னல் சட்டத்துக்காக உங்களோடு மல்லுக்கு நிற்பது எரிச்சலாக இருக்கலாம். அந்த எரிச்சலை நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் அவர் பக்கம்தான் பேசுவேன்.

வெளியே தனித்து நிற்கும் வயல் களஞ்சியத்தை வீடாக மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு சொல். இங்கிலாந்தின் மற்ற இடங்களில் பண்ணைக் கட்டடத்தை வீடாக்கக் கிடைக்கும் குறுக்குவழி தேசியப் பூங்காவில் இல்லை, முழு விண்ணப்பம்தான். புதிய வாசல்கள் திறக்காமல், இருப்பவற்றையே பயன்படுத்தப் பாருங்கள். கார் நிறுத்துமிடம், புல்தரை, துணிக்கொடி, இரவு விளக்கு எல்லாம் சேர்ந்து அந்த வயலை என்ன செய்யும் என்பதும் கணக்கில் வரும். புது வீடு கட்டுவது இன்னும் கடினம். பொதுவான தேவைக்காகப் புது வீடு அனுமதிப்பதில்லை. உள்ளூர்த் தேவை என்று காட்ட வேண்டுமென்றால், அந்தப் பாரிஷிலோ பக்கத்திலோ குறைந்தது 10 ஆண்டுகள் நிரந்தரமாக வாழ்ந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் வைத்திருக்கிறார்கள்.

வௌவாலுக்குக் காத்திருங்கள்

கூரையைத் தொடும் வேலை எதுவானாலும் வௌவால் ஆய்வு கேட்கப்படும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் எல்லா வௌவால் இனங்களுக்கும் அவற்றின் தங்கிடங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. முதல் ஆய்வில் தடயம் கிடைத்தால், அந்தி நேரத்தில் அவை வெளியேறுவதைப் பார்க்கும் ஆய்வு தேவைப்படும். அதை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும். அக்டோபரில் நினைவுக்கு வந்தால் அடுத்த மே வரை கைகட்டி உட்கார வேண்டியதுதான். ஆகவே வரைபடத்துக்குச் சொல்லும்போதே இதற்கும் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பம்

முன் ஆலோசனை கேட்கலாம். கட்டணம் உண்டு, அதில் கிடைக்கும் பதில் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. லிஸ்டட் கட்டடம், களஞ்சியம் என்றால் கட்டாயம் கேளுங்கள். சாதாரணப் பின்பக்க நீட்டிப்புக்கு, பழைய முடிவுகளை ஒழுங்காகப் படித்திருந்தால் தேவையில்லை.

விண்ணப்பத்தை பிளானிங் போர்ட்டல் என்ற இணையதளம் வழியாகப் போடலாம். ஒரு வீட்டின் நீட்டிப்புக்கான கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து 528 ஆக உயர்ந்தது. ஆண்டுதோறும் மாறும் என்பதால் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம், மறுக்கப்பட்டால் ஒருமுறை இலவசமாகத் திரும்பப் போட முடிந்தது. 2023 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். முதல் முறையே சரியாக வர வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரைபடங்களோடு ஒரு பக்கக் குறிப்பும் வையுங்கள். எந்தக் கல், எந்தக் கூரை ஓடு, ஜன்னல் எந்த மரம், சுவர் முகப்பிலிருந்து எவ்வளவு உள்ளே பதியும் என்று எழுதுங்கள். கொள்கையில் உள்ள கேள்விகளுக்கு அதே வரிசையில் பதில் சொல்லுங்கள்.

ஏற்றுக்கொண்ட பிறகு முடிவுக்கு 8 வாரம். அதில் கருத்துக் கூற 21 நாள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அறிவிப்புக் கடிதம் போய்ச் சேருவதற்கு முன் நீங்களே போய் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள். பாரிஷ் கவுன்சில் கூட்டத்துக்கும் போய் வாருங்கள். அவர்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் அவர்கள் சொல்வது அறிக்கையில் ஏறும்.

நடுவில் அலுவலர் திருத்தம் கேட்டால் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளுங்கள். மறுக்க நினைக்கிறவர் பெரும்பாலும் திருத்தம் கேட்கமாட்டார். கால நீட்டிப்புக்கு ஒப்புக்கொண்டு திருத்திக் கொடுங்கள்.

நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்றால்

உங்கள் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி மறைகிறது, வீட்டு விலை குறையும் என்பவை சட்டப்படி எடுபடாது. வெளிச்சம் மறைவது, அந்தரங்கம் பறிபோவது, சாலைப் பாதுகாப்பு, ஊரின் தோற்றம் ஆகியவை எடுபடும். எழுதுவது பொதுவில் வெளியாகும். ஒரே கடிதத்தை இருபது பேர் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, கொள்கையைச் சுட்டிக் காரணத்தோடு எழுதிய ஒரு கடிதத்துக்கு மதிப்பு அதிகம். அனுமதி கிடைத்துவிட்டால் உங்களுக்கு மேல்முறையீட்டு உரிமை இல்லை. நீதிமன்ற மறுஆய்வுதான் வழி, அதற்கும் 6 வாரக் கெடு.

கமிட்டி, மறுப்பு, மேல்முறையீடு

பெரும்பாலான சின்ன விண்ணப்பங்களை அலுவலர்களே முடித்துவிடுவார்கள். சில மட்டும் ஆணையத்தின் பிளானிங் கமிட்டிக்குப் போகும். அதில் கவுன்சில்கள் அனுப்பிய உறுப்பினர்களும் அரசு நியமித்தவர்களும் இருப்பார்கள். பேச விரும்பினால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சில நிமிடம்தான் தருவார்கள், அதைக் கொள்கைக் கேள்விகளுக்கே செலவிடுங்கள்.

மறுத்துவிட்டால் உடனே மேல்முறையீட்டுக்கு ஓடாதீர்கள். காரணத்தைப் படியுங்கள். காரணம் அளவைப் பற்றியதானால், சிறிதாக்கிப் புதிதாகப் போடுவது பல நேரம் விரைவான வழி. கொள்கையையே அலுவலர் தவறாகப் பொருத்தியிருக்கிறார் என்று தோன்றினால் மேல்முறையீடுகளை விசாரிக்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போகலாம். வீட்டு நீட்டிப்பு விண்ணப்பத்துக்கு 12 வாரக் கெடு, கட்டணம் இல்லை. இன்ஸ்பெக்டர் புதிதாக யோசித்து முடிவெடுப்பார். ஆனால் அவரும் தேசியப் பூங்காவின் நிலக்காட்சிக்குப் பெரும் மதிப்புத் தர வேண்டியவர்தான். அண்மைக்கால மேல்முறையீட்டு முடிவுகளும் பொதுவில் கிடைக்கின்றன, அவற்றையும் படியுங்கள்.

அனுமதி கையில் வந்த பிறகு

கடிதத்தின் பின்பக்கத்தில் உள்ள நிபந்தனைகளைப் படிக்காமல் மேஸ்திரியைக் கூப்பிடாதீர்கள். கல்லின் மாதிரியைக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும், சுவரின் ஒரு துண்டைக் கட்டிக் காட்ட வேண்டும், கூரை வேலை வௌவால் இல்லாத காலத்தில்தான் என்று இருக்கும். "வேலை தொடங்கும் முன்" என்ற சொற்கள் உள்ள நிபந்தனையை மீறித் தொடங்கினால் அனுமதியே கேள்விக்குறியாகிவிடலாம். சாதாரணமாக 3 ஆண்டுக்குள் வேலையைத் தொடங்கியாக வேண்டும்.

தளத்தில் மேஸ்திரி "இந்த ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்திவிடலாமே" என்பார். நகர்த்தும் முன் அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சின்ன மாற்றமானால் அதற்கென்று எளிய விண்ணப்பம் உண்டு. கேட்காமல் மாற்றினால், 2024 ஏப்ரலுக்குப் பிறகு முடித்த வேலை என்றால் 10 ஆண்டுகள் வரை நடவடிக்கை வரலாம். முன்பு இது 4 ஆண்டாக இருந்தது.

நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கு ஆணையம் தரும் கடிதங்கள், பில்டிங் ரெகுலேஷன் முடிவுச் சான்றிதழ், வௌவால் அறிக்கை, ஒப்புதல் பெற்ற வரைபடங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். வீட்டை விற்கும் நாளில் வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.